கோட்டுக்கு மேலே ஒரு விரல்

ஆகஸ்ட் 11

அன்புள்ள அத்தைக்கு,

புதிதாக வந்த பெட்டிகளின் விளிம்பில், நான்கு மூலையிலும், மிளகு அளவில் ஒரு பொட்டு புடைத்திருக்கிறது. பழைய பெட்டிகளில் அது இல்லை.

இரண்டு வருடம் கழித்து எழுதும் கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பாய் என்று கேட்பீர்கள். எப்படி ஆரம்பிப்பது என்று நேற்று முழுக்க யோசித்தேன். நலமா என்று நான் கேட்டால் நீங்களும் திருப்பிக் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் பொட்டு.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் அலமாரி கிடையாது, நடைபாதை கிடையாது. பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினாறு அடுக்கி, அந்த அடுக்குகளை நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தண்டவாளத்தால் கட்டம் போட்டிருக்கிறது. அதில் ரோபோக்கள் ஓடும். நாங்கள் அவற்றை வண்டு என்போம். வண்டு நாடாவைக் கீழே விட்டு, மேலாக இருக்கும் பெட்டியைக் கவ்வித் தூக்கி, என் ஜன்னலுக்குக் கொண்டுவந்து இறக்கும். நான் எடுக்க வேண்டியதை எடுப்பேன், வைக்க வேண்டியதை வைப்பேன். பெட்டி போய்விடும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்தது.

அப்பாவும் அங்கேதான் இருந்தார், வண்டு பழுது பார்ப்பவராக. மே மாதம் ஒரு பெட்டி விழுந்து அவருடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

தப்பு அப்பாவுடையது என்று கம்பெனி சொல்கிறது. வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். கைக்கு இன்னொரு ஆபரேஷன் செய்தால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து எதையாவது பிடிக்கும் என்கிறார் டாக்டர். தப்பு அப்பாவுடையது என்று முடிவானால் அதைக் கம்பெனி செய்யாது. நம்மாலும் முடியாது. தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மகளே சொல்லிவிட்டால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள்.

நீங்கள் சர்க்கார் அலுவலகத்தில் காகிதங்களோடே இருப்பவர். நான் என்ன செய்ய வேண்டும்?

போன் செய்யாதீர்கள். அப்பா எடுத்துவிடுவார். போனில் எனக்குக் குரலும் வராது. கீழ் வீட்டுத் தையல்கார அக்காவின் முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள்
பூனை


ஆகஸ்ட் 20

பூனைக்கு,

‘மூன்று விரல்’ என்ற இடத்தில் நிறுத்தி, கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போதும் மூன்று விரல்தான்.

மே மாதம் நடந்திருக்கிறது. இது ஆகஸ்ட். என்கூடப் பிறந்தவருக்குக் கை போனது எனக்கு மூன்று மாதம் கழித்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் பொட்டுக்குக் கீழே வந்து சேர்கிறது. உன் அம்மாவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கும் என்மேல் கோபம் என்றால் இருக்கட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்றாய், வகுப்பு சிரித்தது, மறுநாளிலிருந்து நீ போகவில்லை. அதற்கு நான் அண்ணனிடம் நாலு வார்த்தை கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “எம் பொண்ணுக்கு வாய் வரலைன்னா உனக்கென்ன, உன் ஒரு வாயே ரெண்டு குடும்பத்துக்குப் போதும்” என்றார். நானும் பதிலுக்குச் சொன்னேன். அதை எழுத மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை விசாரணை, வழக்கு சம்பந்தப்பட்டதில்லை. நான் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதை வேறு யாரும் செய்யக்கூடாது என்று விண்ணப்பம் போடுவார். அது உண்மையிலேயே புதியதா, முன்பே எங்காவது யாராவது செய்ததா என்று தேடிப் பார்த்து எழுதுவது என் வேலை. தூக்குவது, அடுக்குவது, நகர்த்துவது ஆகிய இயந்திரங்கள் என் பிரிவு. உன் வண்டு மாதிரி நூறு வண்டுகளைக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

நீ ஒன்று செய். அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது. யார் எங்கே நின்றார்கள், எது முதலில், எது பிறகு. படிக்காத பெண் என்று நீயே உன்னை நினைத்துக்கொள்ளாதே. பொட்டைப் பார்த்தாயே, அந்தக் கண் போதும்.

அண்ணன் சாப்பிடும்போது எந்தக் கையால் சாப்பிடுகிறார்?

அத்தை


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

இடது கையால், கரண்டியில். அம்மா ஊட்ட வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

நடந்தது இதுதான். காலை பதினொரு மணி இருக்கும். மேலே ஒரு வண்டு பாதித் தூக்கலில் நின்றுவிட்டது. அப்பா நிறுத்துப் பொத்தானை அழுத்தி, வேறு யாரும் ஓட்ட முடியாதபடி பூட்டுப் போட்டு, முறைப்படி மேலே போனார். வண்டு தூக்கிய பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டியும் ஒட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறது. அதனால்தான் வண்டால் நகர முடியவில்லை. அப்பா அதைப் பார்க்கக் கையை உள்ளே விட்டார். கீழ்ப் பெட்டி கழன்று விழுந்தது. பொத்தானை அழுத்தினால் வண்டு நிற்கும், பெட்டி நிற்குமா? தண்டவாளத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் கை.

நான் கீழே ஏழாம் ஜன்னலில் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் அப்பாவின் சத்தம் கேட்டது. அதற்குமேல் அதை எழுத முடியவில்லை.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விளிம்புக்கு ஒரு விரல் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கும். சாமான் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மேல் பெட்டியில் சிக்கிக்கொண்டு இரண்டும் சேர்ந்து வரும், அதனால்தான் அப்பாவுக்கு அப்படி ஆயிற்று என்று கம்பெனி சொல்கிறது. விழுந்த பெட்டி ஏழாம் ஜன்னலில் நிரப்பியதாம்.

அன்று காலை ஒரு பெட்டியில் நான் கோட்டுக்கு மேலே நிரப்பினேன். ஸ்வெட்டர்கள். கடைசி இரண்டு உள்ளே போகவில்லை. இன்னொரு பெட்டி வரவழைத்தால் நேரமாகும், மேஜைத் திரையில் என் வேகத்தைக் காட்டும் எண் சிவப்பாகிவிடும். உள்ளங்கையால் அமுக்கி அனுப்பிவிட்டேன். விளிம்புக்கு மேலே ஒரு விரல் நின்றிருக்கும்.

அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அவர்களிடம், “அந்தப் பெட்டிய நிரப்பினப்ப ஜன்னல்ல நாந்தான் இருந்தேன், பொண்ணு தண்ணி குடிக்கப் போயிருந்தா” என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாசிக்க முடியாமல் நின்றேனே, அதே மாதிரி நின்றேன்.

அந்த வாக்குமூலக் காகிதத்தைக் கொண்டுவந்தவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். அவர் முன்பு எங்கள் கிடங்கில் என்ஜினியர், இப்போது மேலாளர். நான் சேர்ந்த புதிதில், போன வருடம் ஜனவரியில், நாலு நாள் என் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கோடு என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது, எல்லாப் பெட்டியையும் விளிம்பைத் தாண்டி நிரப்புவேன். பக்கத்து ஜன்னல்காரர் திருத்த வந்தபோது கண்ணாடிக்காரர் தடுத்து, “விடுங்க, அந்தப் பொண்ணு செய்யற மாதிரியே செய்யட்டும்” என்றார். நல்லவர் என்று நினைத்தேன்.

அப்பா நிரப்பியதாக நான் கையெழுத்துப் போட்டால் அப்பாவின் கை அப்படியே நின்றுவிடும். நான்தான் நிரப்பினேன் என்று உண்மையைச் சொன்னால் அப்பா பொய் சொன்னவர் ஆவார், எனக்கும் வேலை போகும், வீட்டில் அம்மாவின் சம்பளம் மட்டும் மிஞ்சும். எப்படிப் போனாலும் என் கைதான் அவர் கையை நசுக்கியது.

புதுப் பெட்டியின் மூலையை வரைந்திருக்கிறேன். பொட்டு இப்படித்தான் இருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள்
பூனை


செப்டம்பர் 15

பூனைக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

இனி எனக்கு எழுதும்போது பெட்டிகளைப் பற்றியோ, மூலையில் இருப்பதைப் பற்றியோ, இயந்திரங்களைப் பற்றியோ எழுத வேண்டாம். நீ வரைந்த படத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. நானும் சொல்ல மாட்டேன்.

விசாரணைத் தேதியை நவம்பர் 18-க்குப் பிறகு வைக்கச் சொல்லிக் கேள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அத்தை


செப்டம்பர் 24

அத்தைக்கு,

தையல்கார அக்கா கடிதத்தைக் கொடுத்தபோது, “உங்க அத்தை இந்தத் தடவை ஒல்லியா எழுதியிருக்காங்க” என்றாள். மாடிப்படியிலேயே பிரித்தேன். என் படம் கீழே விழுந்தது.

நான் சொன்னதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிகிறது. உங்கள் அண்ணன் கையை நசுக்கியவளுக்கு வேறு எப்படி எழுதுவீர்கள்? ஒரு வரி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. படத்தைத் திருப்பி அனுப்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். நீங்களும் இல்லை என்று ஆகிவிட்டது.

விசாரணை அக்டோபர் 6. கண்ணாடிக்காரர் நேற்று மறுபடி வந்தார். அப்பாவே ஒப்புக்கொண்டதைத்தானே எழுதியிருக்கிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டார். அவர் சொல்வதும் சரிதான். அப்பா சொன்னதை இல்லை என்று சொல்ல நான் யார்?

போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இனி எழுதி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பூனை


செப்டம்பர் 28

பூனைக்கு,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போடாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன கடிதத்தை எட்டு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் எல்லாம் அதிகமாகச் சொல்லியிருந்தேன், மிஞ்சியதை அனுப்பினேன். அது உனக்கு அப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடமாக அலுவலகக் கடிதம் எழுதிய கை, கோபம் மாதிரியே எழுதுகிறது.

நான் செய்கிற வேலையில் சில விஷயங்களுக்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்று பணியில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தலை போகிற விஷயமானாலும் சரி, கூடப் பிறந்தவர் விஷயமானாலும் சரி. ‘நவம்பர் 18’ என்று எழுதியதே தவறு. அதை எழுதியதை என் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். வரட்டும்.

இதற்குமேல் ஒரு எழுத்து எழுத மாட்டேன். நீ என்னை நம்பு. நம்ப முடியவில்லை என்றால், பள்ளிக்கூடத்துக்காக உன் வீட்டில் சண்டை போட்ட ஒரே ஆள் நான்தான் என்பதை நினைத்துக்கொள்.

தேதியைத் தள்ளி வை. எப்படியாவது.

அத்தை


அக்டோபர் 8

அன்புள்ள அத்தைக்கு,

தள்ளி வைத்தாகிவிட்டது.

6-ஆம் தேதி தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். விசாரணை அதிகாரி ஒரு அம்மா. மேஜையில் அவர், அவருடைய எழுத்தர், கண்ணாடிக்காரர், கம்பெனி வக்கீல். அப்பா வெளியே பெஞ்சில். என்ன வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது, அங்கேயே நின்றது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் நான் வாக்குமூலத்தைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன்: ‘அப்பாவுக்குக் கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. நவம்பர் 18-க்குப் பிறகு வேறு தேதி வேண்டும்.’ அந்த அம்மா படித்துவிட்டு, நவம்பர் 24 என்று போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “இன்னும் ஒண்ணரை மாசத்துல உங்கப்பாவுக்கு விரல் முளைக்கவா போகுது?” என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

வீட்டில் நீங்கள் எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தையல்கார அக்கா வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. “உங்கத்தை கதைப் புத்தகத்தையே கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்கிறவ. அவ ஒரு தேதி சொன்னா அதுல என்னமோ இருக்கு” என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அத்தை. என்ன வரப்போகிறது என்று கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி என்னுடையது. அதைத் தேதி மாற்றாது. தினமும் அதே ஜன்னலில் உட்கார்ந்து பெட்டியை அமுக்காமல் மூடுகிறேன், திரையில் எண் சிவப்பானாலும்.

உங்கள்
பூனை


நவம்பர் 18

பூனைக்கு,

இன்று காலை பத்து மணிக்கு வெளியானது. பத்து ஐந்துக்கு நான் என் இருக்கையை விட்டு இறங்கி, கீழ்த்தளத்தில் பொதுமக்கள் வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, நகல் வாங்கி, முத்திரை வைக்கச் சொன்னேன். கவுண்டரில் இருப்பவனுக்கு என்னைப் பதினைந்து வருடமாகத் தெரியும். “மேடம், உங்க மேஜையிலேயே இருக்குமே” என்றான். என் மேஜையில் இல்லை, என்னை இதில் சேர்க்காதே, நான் இன்றைக்கு ஒரு பொண்ணோட அத்தை என்றேன்.

இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். நீ உன் அப்பாவின் கையைப் பற்றி எழுதிய கடிதம் செப்டம்பர் 8-ஆம் தேதி வந்தது. நான்கு நாள் கழித்து, என் முறைக்கு, ஒரு விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், ஏனென்றால் எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்பது கடைசியில்தான் இருக்கும். ‘விளிம்பின் நான்கு மூலைகளிலும் புடைப்பு உள்ள சேமிப்புப் பெட்டி.’ அப்புறம் படம். பூனை, நீ பேனாவால் வரைந்த அதே மூலை, அதே பொட்டு. விண்ணப்பதாரர் உன் கம்பெனி. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் கிடங்கின் என்ஜினியர் ஒருவர், உன் கண்ணாடிக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. முழுவதும் படித்துவிட்டுத்தான், இதில் என் குடும்பம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று எழுதி, கோப்பை அன்று மாலையே வேறு ஆய்வாளருக்கு மாற்றச் சொன்னேன்.

விண்ணப்பம் போட்ட பதினெட்டாவது மாதம் அது பொதுவெளிக்கு வரும். அதுவரை ரகசியம். அதாவது, அவர்கள் இதைப் போட்டது போன வருடம் மே மாதம் 18. அண்ணனுக்குக் கை போனதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால்.

இப்போது 14-ஆம் பத்தியைப் படி. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டுமானால், பழையதில் என்ன கோளாறு என்று அவர்களே எழுதியாக வேண்டும். யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள அட்டவணையைப் பார். அப்புறம் 15-ஆம் பத்தி. அதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

உன் கடிதத்தைப் படித்தவள் இதையும் படித்துவிட்டு, இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மாதமும் நீ உன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். விதி சரிதான். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

அத்தை


நவம்பர் 26

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன், தையல்கார அக்காவின் முக்காலியில். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

14-ஆம் பத்தியை முதலில் எழுத்துக்கூட்டுவது மாதிரி படித்தேன். ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள பெட்டிகளில், மேல் பெட்டியின் அடிப்பாகமும் கீழ்ப் பெட்டியின் விளிம்பும் இடையில் காற்றுப் புகாதபடி ஒட்டிக்கொள்வதால், மேல் பெட்டியைத் தூக்கும்போது கீழ்ப் பெட்டியும் சேர்ந்து உயர்ந்து, பின்னர் கழன்று விழுவது அறியப்பட்ட குறைபாடு. இதனால் பராமரிப்புப் பணியாளருக்குக் காயம் ஏற்படக்கூடும்.’ பராமரிப்புப் பணியாளர் என்றால் அப்பா. அப்பாவுக்குக் காயம் ஏற்படக்கூடும் என்று ஒரு வருடம் முன்பே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அட்டவணையில் மூன்றே வரி. காலிப் பெட்டிகள், ஆயிரம் முறை தூக்கியதில் ஒட்டியது பத்தொன்பது. கோடு வரை நிரப்பியவை, ஆயிரத்தில் இருபத்து மூன்று. கோட்டுக்கு மேலே நிரப்பியவை, ஆயிரத்தில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு 15-ஆம் பத்திக்குப் போனேன். ‘புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஒருவர் அறியாமையால் அளவுக்கோட்டுக்கு மேலே நிரப்பிய பெட்டிகள் ஒருபோதும் ஒட்டவில்லை என்பது கவனிக்கப்பட்டது. மிகுதியான பொருள் மேல் பெட்டியைச் சற்றே உயர்த்தி, காற்றுக்கு வழிவிட்டதே காரணம். அதே விளைவைப் பெட்டியின் வடிவத்திலேயே தருவதற்காக இந்தப் புடைப்புகள்.’

நான்கு நாள் என் பின்னால் நின்று எழுதியது இதுதான். அந்தப் பொட்டு என் தப்பிலிருந்து எடுத்தது. அதே ஆள், என் தப்பு மாதிரி ஒன்றால்தான் அப்பாவின் கை போயிற்று என்று என்னிடமே கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கோட்டுக்கு மேலே நிரப்பியது ஒட்டாது என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். எனக்குக் கோபம் வரவில்லை அத்தை. அக்கா தண்ணீர் கொடுத்தாள், குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

மாடிக்குப் போனேன். அப்பா ஜன்னல் ஓரம் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அவரிடம் ஆறு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“அன்னைக்கு விழுந்த பெட்டில என்னப்பா இருந்துச்சு?”

அவர் என்னைப் பார்க்காமல், “பூட்டு. சின்னச் சின்னப் பூட்டு. தண்டவாளமெல்லாம் உருண்டுச்சு” என்றார்.

“நான் அமுக்கினது ஸ்வெட்டர்ப்பா.”

பேனா அவர் கையிலிருந்து உருண்டது. நாங்கள் இருவரும் அதை எடுக்கவில்லை. நான் அன்று காலை ஒரு பெட்டியை அமுக்குவதை அவர் மேலே போகும் ஏணியிலிருந்து பார்த்திருக்கிறார். அதுதான் விழுந்தது என்று அவரே முடிவு செய்துவிட்டார். பூட்டுகள் உருண்டதைக் கண்ணால் பார்த்தும், நான் அமுக்கியது என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தாராம். நானும் அவரிடம் என்ன விழுந்தது என்று கேட்கவில்லை. பூட்டைக் கோட்டுக்கு மேலே யாராலும் அமுக்க முடியாது அத்தை. ஒரு கேள்வி. ஆறு மாதம்.

அம்மா வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். “ஒரே தட்டுல சாப்பிடுற மாதிரி ஒரே வீட்ல இருக்கீங்க. இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு ஆபீசு வேணும், முத்திரை வேணும், வரிசைல நிக்க ஒரு அத்தை வேணும்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா நகலை வாங்கி முழுவதும் படித்தார். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்ததை மூன்று விரல் போன கையால் தடவினார். “இன்னும் கோழி கிளறின எழுத்துதான்” என்றார். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் நெடுநேரம் திருப்பவில்லை.

24-ஆம் தேதி அதே அறை, அதே மேஜை. அப்பாவையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் வாக்குமூலத்தைப் புதிதாக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். போன தடவை முதுகில் எழுதிவிட்டேன் அல்லவா, அதனால். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

“கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்மா. பேச வேண்டியதில்ல. உனக்குத்தான் பேச்சு வராதே.”

அன்பாகத்தான் சொன்னார்.

என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரணை அதிகாரி அம்மா கேட்டார். நகலைக் கொடுத்துவிட்டால் அவரே படித்துக்கொள்வார் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன். பையிலிருந்து எடுத்தேன். முத்திரை வைத்த முதல் பக்கம் மேலே இருந்தது. கொடுக்கக் கை நீளவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடி, மேஜையில் வைத்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று, பதினான்காம் பத்தியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.